ஆயாக் கொட்டகைக்கு நான் வைத்த மரம்

குளுவாங் போகும் சாலையில் யாரைக் கேட்டாலும் என் மரப்பட்டறையைக் காட்டுவார்கள். அதைத் தொடங்கும்போது என்னிடம் இருந்தது ஓட்டை லாரி ஒன்றுதான். அதன் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டினேன். ஆற்றுக்கு மேலே நான் போட்ட மரப்பாலம் ஒரு மழைக்குத் தாங்காது என்று படித்த என்ஜினியர் ஒருவர் சொன்னார். அவர் வேலை மாற்றலாகிப் போய்விட்டார். பாலம் இரண்டு வெள்ளத்தைப் பார்த்துவிட்டு இன்னும் நிற்கிறது. தமிழ்ப் பள்ளிக்குக் கூரை போட்டேன். கோயிலுக்கு மண்டபம் எழுப்பினேன், செங்கல்லில் பாதியை என் முதுகில் சுமந்தேன். ஐந்து பிள்ளைகளையும் படிக்க வைத்தேன். எனக்குத் தோட்டப் பள்ளியில் மூன்று வருஷப் படிப்பு. அதிலும் ஒரு வருஷம் வாத்தியார் காய்ச்சலில் படுத்திருந்தார்.

இவ்வளவையும் ஊரார் ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொள்ளாத ஒன்று இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், எட்டு வயதில், ஒரு மரத்தை நான் அடையாளம் கண்டு, முளைக்க வைத்து, வளர்த்தேன். அந்தக் கதையை யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் காய்ச்சலில் படுத்த வாத்தியாரைக் கேளுங்கள்.

எங்கள் ரப்பர் தோட்டம், இந்த மலாய் நாட்டில், லாயாங் லாயாங் ரயில் நிலையத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி இருந்தது. ஜப்பான்காரன் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முந்திய காலம். அப்பா தோட்டத்து மாட்டு வண்டியை ஓட்டினார். புகைவீட்டில் காய்ந்த ரப்பர் ஷீட்டுகளை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கூட்ஸ் வண்டியில் ஏற்றிவிட்டு வருவார். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். இருட்டோடு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் போனால், வாளியோடு திரும்பப் பன்னிரண்டு மணியாகும். அதுவரை கைக்குழந்தைகள் எல்லாம் ஆயாக் கொட்டகையில் கிடக்கும். பால் வெட்டப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கொட்டகை. பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. எங்கள் ஆயாவுக்கு ஐம்பது வயதிருக்கும். நெட்டையான உருவம். குரல் புகைவீடு வரைக்கும் கேட்கும். அவருக்கு என்று இங்கே சொந்தபந்தம் யாரும் கிடையாது.

கொட்டகைக்கு முன்பு அத்தாப்பு ஓலைக் கூரைதான் இருந்தது. பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஓலை தீப்பிடித்தது என்று கேள்விப்பட்டு, எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓலையைப் பிரித்துவிட்டுப் புதுத் தகரம் போட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் குளம் மாதிரி மின்னும். துரைக்கு அதில் பெருமை. உள்ளே கிடந்த பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பெருமையின் சூடு தாங்கவில்லை. எங்கள் வீட்டு வரிசையான லயத்தைச் சுற்றிப் பழைய பால்மரங்களை வெட்டிவிட்டு அப்போதுதான் புதுக் கன்று நட்டிருந்தார்கள். நிழல் என்றால் கால் மைல் நடக்கவேண்டும். ஒன்பது மணிக்கெல்லாம் தகரம் டக், டக் என்று சத்தம் போட ஆரம்பித்துவிடும். சேலைத் தூளிகளை உத்தரத்தில் கட்டியிருப்பார்கள். அதனால் பிள்ளைகள் தரையைவிடத் தகரத்துக்குப் பக்கத்தில்தான் கிடந்தார்கள்.

பெண்கள் சேர்ந்து போய், பிரித்த ஓலையைத் தகரத்தின் மேலேயாவது பரப்பித் தரும்படி கேட்டார்கள். துரை சொன்ன பதிலை, ஆட்களை வேலை வாங்கும் கங்காணி பெரட்டில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "ஓல போட்டா எலி வரும், ஈரம் தங்கும், தகரம் துருப்பிடிக்கும். தகரத்து மேல ஒரு துரும்பு கெடக்கக் கூடாது. கெடந்தா ஆயாவுக்கு வேல இல்ல, லயத்துல வீடும் இல்ல. தொரையோட உத்தரவு."

என் தங்கைக்கு அப்போது எட்டு மாதம். எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே எடுக்க மாட்டார்கள். வெயில் காலம் தொடங்கியதும் தங்கைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பால் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு நாள் அம்மா வந்து தூளியிலிருந்து தூக்கியபோது அவள் தலை அம்மாவின் தோளில் நிற்காமல் பின்னால் சரிந்தது. ஆயா ஒரு குவளைத் தண்ணீரை அப்படியே அவள் தலையில் ஊற்றினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதாள். அன்று அம்மா அடுப்புப் பற்ற வைக்கவில்லை. தங்கையை மடியில் போட்டுக்கொண்டு, பாக்கு மட்டையால் விசிறிக்கொண்டே இருந்தாள். நான் பசிக்கிறது என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிய தடவைகள் என் ஆயுளில் குறைவு. அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

அந்த வாரம் வாத்தியாருக்கு மறுபடியும் காய்ச்சல். பள்ளி இல்லாததால் அப்பாவோடு வண்டியில் நிலையத்துக்குப் போனேன். அங்கே ரயில் பாதை ஓரத்தில் ஒரு பெரிய மரம். பிரித்த குடை மாதிரி நாலு பக்கமும் படர்ந்து, பத்து வண்டி மாடுகள் அடியில் படுத்தாலும் இடம் மிச்சம் இருக்கும். வெயிலில் வந்தவனுக்கு அதன் அடியில் போனதும் யாரோ ஈரத்துணியைத் தோளில் போட்டது போல இருந்தது. ஆயிரம் தடவை பார்த்த மரம்தான். அன்றுதான் அதைப் பார்த்தேன்.

ரயில் கேட் காவல்காரர் ஒரு மலாய்க்காரர், அப்பாவுக்குச் சிநேகிதர். அப்பா அவரிடம் அரைகுறை மலாய் பேசுவார். அவர் அப்பாவிடம் அரைகுறைத் தமிழ் பேசுவார். நான் அண்ணாந்து நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இது பேரு புக்குல் லீமா. அஞ்சு மணி ஆனா இவன் எலை மூடும், தூங்கும். மழை இல்ல, ஆனா தண்ணி போடும். மாலாஸ் லா இவன்!" புக்குல் லீமா என்றால் மலாயில் அஞ்சு மணி. அஞ்சு மணிக்கே தூங்கிவிடுவதால் சோம்பேறி மரமாம். நம் ஆட்கள் தூங்குமூஞ்சி மரம் என்பார்கள். அவர் சொல்லி வாய் மூடவில்லை, என் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. மேலே பார்த்தேன். வானத்தில் மேகமே இல்லை. கிளைகளில் ஏதோ பூச்சிகள் விடும் நீர் அது என்று இப்போது சொல்கிறார்கள். அப்போது எனக்கு அந்த மரம் பெரிய சாமியாகத் தெரிந்தது.

"அப்பா, இத ஆயாக் கொட்டாய்க்கிட்ட வெக்கலாமா?"

"வேரோட புடுங்கி வண்டியில ஏத்தட்டுமா? மாடு ஒத்துக்குமான்னு நீயே கேட்டுச் சொல்லு."

"வெத போட்டா?"

"போடு. நீ தாத்தா ஆகறப்ப நெழல் வரும்."

நான் 'போடு' என்பதோடு காதை மூடிக்கொண்டேன்.

மரத்தடியில் கறுத்த காய்கள் உதிர்ந்து கிடந்தன. உடைத்தால் உள்ளே வெல்லப்பாகு மாதிரிப் பிசுபிசுப்பு, அதற்குள் விதை. எங்கள் மாடுகள் அந்தக் காயை ருசித்துத் தின்றுகொண்டிருந்தன. அவற்றோடு போட்டி போட்டு ஒரு மடி நிறையப் பொறுக்கி வந்தேன். விதை பழுப்பு நிறம். அதன் மேல் மாட்டு லாடம் போல வெளுத்த கோடு ஒன்று இருந்தது. கொட்டகைச் சுவர் ஓரமாக முப்பது விதை ஊன்றி, தினமும் பால் டின்னில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். ஒரு மாதம் ஊற்றியும் ஒன்றும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால், போட்ட விதை போட்டபடி, கழுவி எடுத்தது போல இருந்தது. லயத்துப் பையன்கள் பள்ளிக்குப் போகும் வழியெல்லாம், "கல்லுக்குத் தண்ணி ஊத்துறவன் வாரான்டோய்!" என்று கத்தினார்கள்.

ஒரு காலையில் மாட்டுக் கொட்டிலில் சாணம் அள்ளப் போனேன். பழைய சாணக் குவியலின் ஓரத்தில் ஏழெட்டு முளைகள் தலை தூக்கி நின்றன. ஒரு முளையின் தலையில் விதைத் தோல் குல்லா மாதிரி இன்னும் ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். பழுப்புத் தோல், அதன் மேல் லாடக் கோடு! மாட்டின் வயிற்றில் ஊறி வந்தால்தான் அந்த விதை வாயைத் திறக்கும். பல வருஷம் கழித்து விவசாய அதிகாரி ஒருவர் இதை எனக்குப் பெரிய செய்தியாகச் சொன்னார். அவருக்கு அதற்குப் புத்தகம் வேண்டியிருந்தது. எனக்குச் சாணம் போதுமாக இருந்தது.

ஏழு கன்றுகளைச் சாணத்தோடு அள்ளினேன். ஆறைக் கொட்டகை வாசலில் வரிசையாக வைத்தேன். ஏழாவது நோஞ்சான், அதைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் செருகிவிட்டேன். இரண்டு வாரத்தில் எல்லாம் இலை விட்டன. சாயங்காலம் ஆனதும் இலைகள் சமர்த்தாக மூடிக்கொண்டன. நிலையத்து மரம் என் கைக்கு வந்துவிட்டது என்று துள்ளினேன்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது ஆறு கன்றும் பிடுங்கிப் போடப்பட்டு வாசலில் வாடிக் கிடந்தன. நான் போட்ட கூச்சலில், பிள்ளைகளைத் தூக்க வந்த பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அந்த வழியாக வந்த கங்காணியும் நின்றுவிட்டார்.

"என்னாடா ஒப்பாரி?"

ஆயா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "நான்தான் புடுங்கினேன். நீங்களே பாருங்க கங்காணி, புளியங்கன்னு! புள்ளைங்க படுக்கிற வாசல்ல, பேய்க்குப் பந்தி போட்ட மாதிரி வரிசையா வெச்சிருக்கான்."

"புளி இல்ல, தூங்குமூஞ்சி! அந்தியில எலைய மூடுது!" என்று நான் கத்தினேன்.

"புளியும்தான் அந்தியில மூடும். நான் ஊர்ல பாக்காத புளியா?"

எங்கள் அடுத்த வீட்டு அத்தைக்கு இதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "புளின்னா இருந்துட்டுப் போகட்டுமேக்கா! கப்பல விட்டு எறங்கின நாள்லேருந்து புளிக்குப் பதிலா இந்த ஆசாம் வத்தலப் போட்டே கொழம்பு வெச்சு நாக்கு செத்துக் கெடக்கு. ஒரு கன்னயாவது விட்டு வெச்சிருக்கக் கூடாதா?"

"ஒனக்குக் கொழம்பு பெருசு. அது காய்க்கிறதுக்குள்ள ஒம் புள்ளய காத்துக் கருப்பு புடிச்சா கொழம்ப ஊத்தியா எறக்குவ?"

நான் அதுவரை புளிய மரத்தைக் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனால் அம்மா தன் ஊர்க் கதை சொல்லும்போது, புளியங்கொழுந்தைப் பறித்து மென்றால் பல் கூசும் என்று சொல்லியிருந்தாள். கீழே கிடந்த ஒரு கன்றை எடுத்து இலையை உருவி வாயில் போட்டு மென்றேன். "புளிக்கல! சத்தியமா புளிக்கல!"

"பொய் சொல்றான்."

"நீங்க மென்னு பாருங்க!"

கங்காணி மீசையை ஒதுக்கிக்கொண்டு இரண்டு இலை மென்றார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார், தீர்ப்புச் சொல்கிறவர் அல்லவா. ஆயாவும் மென்றார். பிறகு ஆளாளுக்கு ஒரு கன்றை எடுத்தார்கள். எல்லாரும் ஆட்டு மந்தை மாதிரி நின்று மென்றுகொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டு அத்தைதான் கடைசிவரை மென்றாள். "லேசாப் புளிக்கிற மாதிரி..." என்று அவள் இழுத்தபோது கங்காணி துப்பிவிட்டுச் சொன்னார்: "சும்மா இரு தங்கச்சி. இது புளி இல்ல."

நான் ஆயாவைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினேன். கங்காணி இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா தூங்குமூஞ்சியும் இல்லடா. டேசன் மரத்து எலை கெளை கெளையாப் பிரிஞ்சு இருக்கும். இது ஒத்த எறகு மாதிரி நிக்குது. எதோ காட்டுச் செடி."

அவர் சொன்னது சரிதான். நிலையத்து மரத்தின் இலை ஒரு காம்பிலிருந்து பல இறகாகப் பிரியும். என் கன்றுகளில் அப்படி இல்லை. அம்மா தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை அன்றும் துவண்டுதான் கிடந்தாள்.

"இன்னும் ஒண்ணு பீப்பாய்க்குப் பின்னாடி இருக்கு!" என்றேன்.

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஒளித்து வைத்த ஒன்றையும் நானே காட்டிக்கொடுத்துவிட்டேன். ஆயா பீப்பாயை நோக்கித் திரும்பினார்.

"நில்லு ஆயா," என்றார் கங்காணி. "ஒரு வாரம் பாப்போம். எலை பிரியலன்னா நானே புடுங்கிப் போட்டுடறேன்."

அந்த ஒரு வாரம் நான் பள்ளியில் என்ன படித்தேன் என்று கேட்காதீர்கள். விட்டதும் ஓடிவந்து பீப்பாய்க்குப் பின்னால் குந்திக்கொள்வேன். நோஞ்சான் கன்று, நடுவில் சுருட்டி வைத்த சின்னக் குருத்து ஒன்றை வைத்துக்கொண்டு என்னைச் சோதித்தது. அப்பா வண்டி ஓட்டி வரும்போது நிலையத்து மரத்தில் ஒரு கொத்தை ஒடித்து வந்தார். கேட்காமலே கொண்டுவந்தார். ஐந்தாம் நாள் குருத்து விரிந்தது. ஒரே காம்பு, அது இரண்டாகப் பிரிந்து, பிரிந்ததில் இந்தப் பக்கம் ஓர் இறகு, அந்தப் பக்கம் ஓர் இறகு! கொத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்பனும் பிள்ளையும் மாதிரி இருந்தன. முதல் இலை மட்டும்தான் ஒற்றை இறகாக வரும், பிறகு வருவதெல்லாம் பிரிந்து வரும். இது அந்தத் தோட்டத்தில் முதன்முதலாகத் தெரிந்தது எனக்குத்தான்.

கங்காணி கொத்தையும் கன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பயலே!" என்றார். மறுநாள் பார்த்தால் தண்ணீர்ப் பீப்பாய் இடம் மாறிக் கொட்டகைத் தாழ்வாரத்தை ஒட்டி நின்றது. என் கன்றுக்கு வெயில் படட்டும் என்றுதான் நகர்த்தினார் என்று நினைத்து எனக்கு ஆயாவின் மேல் அன்பு வந்தது.

கன்று வேகமாக வளர்ந்தது. நான் குளித்த தண்ணீர், அம்மா அரிசி களைந்த தண்ணீர், எல்லாம் அதற்குத்தான். முழங்கால் உயரம் வந்தபோது வெயிலின் உச்சம். ஒரு நாள் பள்ளி விட்டு வந்து கொட்டகைக்குள் நுழைந்தேன். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. கற்பனை இல்லை, உடம்பு சொன்னது. தகரம் சத்தம் போடவில்லை. தங்கை தூளிக்கு வெளியே காலை நீட்டி ஆட்டிக்கொண்டு சிரித்தாள். வெளியே வந்தேன். தகர ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வானத்தில் மேகம் இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. மழை இல்லாமல் தண்ணீர் போடும் என்று மலாய்க்காரர் சொல்லவில்லையா? என் மரம் வேலையைத் தொடங்கிவிட்டது.

லயம் லயமாக ஓடிச் சொன்னேன். பையன்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். "ஒன் மரத்துக்கடியில ஒரு கோழிகூட நிக்க முடியாதேடா!" என்றான் ஒருவன். "நெழல் இல்லடா, அதோட வேரே குளிர்ச்சி!" என்று சொல்லிவிட்டேன். அம்மாவிடம் ஓடிப்போய், "என் மரந்தானேம்மா?" என்று கேட்டேன். அம்மா தங்கைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். "ஆமாஞ்சாமி, ஒன் மரந்தான்," என்றாள். அப்பாவும் தலையாட்டினார். அந்த நாட்களில் அப்பா நிலையத்திலிருந்து கிழிந்த கோணிச் சாக்குகளாகக் கொண்டுவந்துகொண்டிருந்தார். மாட்டுக்குக் கீழே விரிக்க என்றார். மாடு பாவம், மண்ணில்தான் படுத்திருந்தது. நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. துரை வழக்கமாகக் காலை ஒன்பது மணிக்கு மோட்டார் சைக்கிளில் கொட்டகைப் பக்கம் வந்துவிட்டுப் போவார். அன்று ஏனோ நடுப்பகலில் வந்துவிட்டார். நான் பள்ளி விட்டு வாசலுக்கு வரவும் அவர் வண்டியை நிறுத்தவும் சரியாக இருந்தது. கொட்டகைத் தரையில் ஏழெட்டுப் பெண்கள் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். சாக்குகளை விரித்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் இருந்தாள். ஆயா மட்டும் பீப்பாய்ப் பக்கத்தில் நின்றார். அவர் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது, மூச்சு வாங்கியது. தகர ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

துரை அண்ணாந்து பார்த்தார். அவர் தோட்டத் தமிழ் பேசுவார். "என்னா தண்ணி இது? மழை எங்க?"

கூட வந்த, கணக்கெழுதும் கிராணி ஆயாவைப் பார்த்தார். ஆயா தரையைப் பார்த்தார். அம்மாவின் கை தங்கையின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது. இத்தனை பெரிய அதிசயத்தை எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஓடிப்போய்த் துரையின் முன்னால் நின்றேன்.

"என் மரம் தொரை! இதோ இது! தூங்குமூஞ்சி! மழை இல்லாமயே தண்ணி ஊத்தும்! டேசன்ல போய்ப் பாருங்க, மலாய்க்காரரைக் கேளுங்க! நான்தான் வெச்சேன், மாட்டுச் சாணியில கண்டுபுடிச்சேன், புளின்னு சொன்னாங்க, மென்னு காட்டினேன்..."

துரை என் முழங்காலுக்கு நின்ற செடியைப் பார்த்தார். அதிலிருந்து ஆறு முழம் உயரத்தில் இருந்த தகரத்தைப் பார்த்தார். ஆயாவின் சேலையைப் பார்த்தார். சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கிராணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். "நல்ல மரம். மாடு திங்கும், வேலி போடு," என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வண்டிச் சத்தம் அடங்கியதும் ஆயா வந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினார். வலித்தது. அன்றிலிருந்து அவர் என்னை 'டேய்' என்று கூப்பிட்டதில்லை. 'மரத்துக்காரரே' என்றுதான் கூப்பிட்டார். அது எனக்கு நியாயமாகவே பட்டது.

தங்கையின் கல்யாணத்தின்போது, வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து, இவளைக் காப்பாற்றியது என் மரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள். தினமும் துரை வந்துபோன பிறகு ஆயா பீப்பாயின் மேல் ஏறி, சாக்குகளை நனைத்துத் தகரத்தில் பரப்புவாராம். அரைமணிக்கு ஒரு தடவை ஏறித் தண்ணீர் ஊற்றுவாராம். ஐம்பது வயதில். துரையின் கண்ணில் பட்டால் போதும், அவருக்கு வேலையும் இல்லை, ஒண்ட இடமும் இல்லை. துரை நடுப்பகலில் வந்த அன்று, மோட்டார் சத்தம் கேட்டுப் பெண்கள் சாக்குகளை இழுத்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்களாம்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"ஒங்கிட்ட சொல்றதும் பெரட்டுல தமுக்கு அடிக்கிறதும் ஒண்ணுதானேடா," என்றாள்.

மரம் கொட்டகைக் கூரையைத் தாண்டியபோது தங்கை நடந்து, ஓடி, பள்ளிக்கும் போகத் தொடங்கிவிட்டாள். அதன் நிழலில் எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றுகூடத் தூளியில் கிடக்கவில்லை. அம்மா அதற்குப் பிறகும் அரிசி களைந்த தண்ணீரை அங்கேதான் கொண்டுபோய் ஊற்றினாள். ஏன் ஊற்றுகிறாள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. மரம் என்னுடையது, அதனால் ஊற்றுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

இப்போது பழைய தோட்டங்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறவர்கள், அது துரை நட்ட மரம் என்று படத்தோடு எழுதியிருக்கிறார்கள். துரை வேலிதான் போட்டார், அதையும் ஆளிடம் சொல்லித்தான் போட்டார். திருத்திப் போடுங்கள். முதலில் ஆயாவைப் போடுங்கள். அவர் பேர் என்ன என்று நான் கேட்டதே இல்லை. ஆயா என்றே போடுங்கள். சாக்கின் மேல் உட்கார்ந்த பெண்களைப் போடுங்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அதற்கு அடுத்து, கன்றைக் கண்டுபிடித்து வளர்த்தவன் நான் என்று போடுங்கள். துரை கேட்டபோது வாயைத் திறந்து பதில் சொன்னவனும் நான்தான், அதையும் விடாமல் போடுங்கள். தெரிந்து சொன்னேனா, தெரியாமல் சொன்னேனா என்பது யாருக்கும் தேவையில்லை.